மேக்ரோ மக்கர் பண்ணினால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

ஒரே நான்கு வரியை நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்க யாருக்கும் ஆசையில்லை. அதனால்தான் நிரல் எழுதும் எடிட்டரில் மேக்ரோவோ (வரிசையான கீ அழுத்தங்களை ஒரே கீயில் திரும்ப ஓட்டுவது) ஸ்னிப்பெட்டோ (சின்னப் பெயரை அடித்தால் முழு வரிகளாக விரிவது) போட்டு வைக்கிறோம். போட்ட அன்று அழகாக ஓடும். இரண்டு வாரம் கழித்து, அதுவும் டெமோவுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, அடம் பிடிக்கும். ஆபீசில் பக்கத்து மேசைத் தம்பிகள் "அண்ணே, நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடலண்ணே" என்று வந்து நிற்பது வாடிக்கையாகிவிட்டதால், எந்த அறிகுறிக்கு எங்கே கைவைக்க வேண்டும் என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. விஎஸ் கோடு, விம், நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற மூன்று எடிட்டர்கள், விண்டோஸில் கீகளைத் தானாக அடிக்கும் ஆட்டோஹாட்கீ, இந்த நான்கைத்தான் இங்கே அதிகம் பார்க்கிறேன், அதனால் உதாரணங்களும் அவற்றிலிருந்தே.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேக்ரோ ஓடவில்லை என்றதும் எல்லோரும் அதைத் திறந்து மாற்றி எழுத ஆரம்பிக்கிறார்கள். வேண்டாம். பெரும்பாலும் மேக்ரோவுக்குள் ஒரு கோளாறும் இருக்காது. அந்தக் கீயை வேறு யாரோ பிடுங்கியிருப்பார்கள், இல்லையென்றால் கர்சர் இங்கே இருக்கும் என்று மேக்ரோ நம்பியிருந்த இடத்தில் கர்சர் இருக்காது.

எதைத் தொடுவதற்கும் முன்

புதிதாக ஒரு காலி ஃபைலைத் திறந்து, நீங்கள் வேலை செய்யும் நிரல் மொழியின் ஃபைல் நீட்சியோடு (.py மாதிரி) சேமித்து, அதில் மேக்ரோவை ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் சிக்கல் உங்கள் பழைய ஃபைலில், அல்லது கர்சர் நிற்கும் இடத்தில். அங்கேயும் ஓடவில்லை என்றால் கீயிலோ அமைப்பிலோதான் கோளாறு. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் பாதி வேலை முடிந்துவிடும். அப்புறம் கீழே உங்கள் அறிகுறியைத் தேடிப் போங்கள்.

அறிகுறி: கீயை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

முதலில் திரையின் மூலையில் எந்த உள்ளீட்டு மொழி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். சிங்கப்பூரில் ஒரு கம்ப்யூட்டரில் ஆங்கிலம், சீனம், தமிழ் மூன்றும் இருப்பது சர்வ சாதாரணம். விம் நார்மல் மோடில் (கீகள் எழுத்தாக விழாமல் கட்டளையாக ஓடும் நிலை) இருக்கும்போது தமிழ் விசைப்பலகை ஆன் ஆகியிருந்தால் நீங்கள் அழுத்தும் எதுவும் கட்டளையாகப் போகாது. வாட்ஸப் வெப்பில் வீட்டுக்கு ஒரு வரி தமிழில் பதில் போட்டுவிட்டு எடிட்டருக்குத் திரும்புகிறவர்களுக்கு இது தினப்படிக் கூத்து.

மொழி சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் கீ பறிபோவது. கன்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்ந்த கூட்டணிதான் இதில் முதல் குற்றவாளி. விஎஸ் கோடில் அது பரிந்துரைப் பட்டியலைத் திறக்கும். ஆனால் விண்டோஸில் சீன உள்ளீடு நிறுவியிருந்தால் அது சீனம், ஆங்கிலம் என்று மாற்றுவதற்கு அதே கீயை எடுத்துக்கொள்ளலாம். மேக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி வைத்திருந்தால் முந்தைய மொழிக்குத் தாவுவதற்கும் அதே கீதான். சிஸ்டம்தான் முதலில் வாங்கிக்கொள்ளும், எடிட்டருக்கு மிச்சம் எதுவும் வராது. ஒன்று சிஸ்டம் பக்கத்தில் அதை அணையுங்கள், இல்லை எடிட்டர் பக்கத்தில் வேறு கீ கொடுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டரை நாளைக்கு இன்னொருவர் பயன்படுத்தலாம். கிராபிக்ஸ் கார்டின் ஓவர்லே, ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் மென்பொருள், கிளிப்போர்டு மேனேஜர் ஆகியவையும் இப்படிக் கீ பிடுங்கும் ரகம்தான். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

கீ எடிட்டர் வரை வந்து சேர்கிறதா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள விஎஸ் கோடில் ஓர் அருமையான வசதி இருக்கிறது. கட்டளைகளைத் தேடி ஓட்டும் கமாண்ட் பேலட்டைத் திறந்து "டெவலப்பர்: டாகிள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் ட்ரபிள்ஷூட்டிங்" என்பதை ஓட்டுங்கள். அவுட்புட் பேனலில், நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு கீக்கும் என்ன வந்தது, எந்தக் கட்டளைக்குப் போனது என்று வரி வரியாக வரும். அங்கே வரியே வரவில்லை என்றால் வெளியே யாரோ பிடுங்குகிறார்கள். வரி வந்து, வேறு கட்டளையின் பெயர் இருந்தால் எடிட்டருக்குள்ளேயே மோதல்.

உள்மோதலுக்கு: கீபைண்டிங் (எந்தக் கீக்கு எந்தக் கட்டளை என்ற) பட்டியலை விஎஸ் கோடு கீழிருந்து மேலே படிக்கும், முதலில் பொருந்துவது எதுவோ அதுவே ஓடும். ஆகவே அதே கீக்கு ஃபைலின் அடியில் இன்னொரு வரி இருந்தால் மேலே இருப்பது காலத்துக்கும் ஓடாது. ஷார்ட்கட் பட்டியலில் உங்கள் வரியை ரைட் கிளிக் செய்து, அதே கீயில் இருக்கும் மற்றவற்றைக் காட்டச் சொல்லலாம். அப்புறம் "வென்" நிபந்தனை. கர்சர் எடிட்டரில் இருந்தால் மட்டும் என்றோ, பைத்தான் ஃபைலில் மட்டும் என்றோ நீங்களே எழுதி வைத்து மறந்திருப்பீர்கள். டெர்மினலில் கிளிக் செய்துவிட்டு மேக்ரோ கீயை அழுத்தினால் அது ஓடாதது நியாயம்தான்.

மேக்ரோவுக்கென்று ஓர் எக்ஸ்டென்ஷன் வைத்திருக்கிறீர்கள், எடிட்டர் அப்டேட் ஆனதிலிருந்து ஓடவில்லை என்றால் அந்த எக்ஸ்டென்ஷனைத் தூக்கிவிடலாமா என்று யோசியுங்கள். விஎஸ் கோடில் மேக்ரோ பதிவு செய்யும் வசதி உள்ளுக்குள் கிடையாது, ஆனால் 2023 முதல் "ரன்கமாண்ட்ஸ்" என்ற கட்டளை இருக்கிறது, ஒரே கீயில் பல கட்டளைகளை வரிசையாக ஓட்டலாம். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

இத்தனையும் பார்த்தாயிற்று, இன்னும் ஓடவில்லை என்றால் வேறொரு கீபோர்டைச் செருகிப் பாருங்கள். அதில் ஓடினால் கோளாறு வன்பொருளில். வாரன்டி இருந்தால் தயாரிப்பாளரின் சேவை மையம்தான் முதல் வாசல். இல்லையென்றால் சிம் லிம் ஸ்குவேர் எலக்ட்ரானிக்ஸ் வளாகத்தில் இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், லேப்டாப் கீபோர்டு மாற்றும் செலவில் ஒரு நல்ல யுஎஸ்பி கீபோர்டே வாங்கிவிடலாம் என்ற நிலை சில சமயம் வரும்.

அறிகுறி: ஸ்னிப்பெட் பெயரை அடித்தால் பட்டியலில் வரவே இல்லை

ஃபைலின் நிரல் மொழி என்ன என்று எடிட்டரின் அடிப்பட்டையில் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு எழுதிய ஸ்னிப்பெட், டைப்ஸ்கிரிப்ட் ஃபைலில் வராது. ரியாக்ட் ஃபைல்களுக்கு இன்னொரு மொழிப் பெயர். இரண்டு மூன்று மொழிக்கும் வேண்டுமென்றால் பொது ஸ்னிப்பெட் ஃபைலில் போட்டு "ஸ்கோப்" வரியில் அந்த மொழிகளை எழுதுங்கள்.

மார்க்டவுன் ஃபைலில் மட்டும் வரவில்லையா? அங்கே தானாகப் பரிந்துரை காட்டுவது இயல்பிலேயே அணைக்கப்பட்டிருக்கும். கையால் பட்டியலைத் திறந்தால் இருக்கும். பெயரை அடித்து டேப் அழுத்தினால் விரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், "டேப் கம்ப்ளீஷன்" என்ற அமைப்பைத் தேடி ஆன் செய்ய வேண்டும், அதுவும் இயல்பில் ஆஃப்தான்.

அடுத்தது ஸ்னிப்பெட் ஃபைலே உடைந்திருப்பது. இரண்டு ஸ்னிப்பெட்டுக்கு நடுவே ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கும், சிவப்புக் கோடு ஓரத்தில் மின்னிக்கொண்டிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நண்பர் சாட்டில் அனுப்பியதையோ வேர்டு ஃபைலில் இருந்ததையோ ஒட்டியிருந்தால் மேற்கோள் குறிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். வளைந்த மேற்கோளாக மாறியிருந்தால் அந்த ஃபைல் செல்லாது. எல்லாவற்றையும் நேர் மேற்கோளாக மாற்றுங்கள்.

புரொஃபைல் மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேலைக்கு ஒன்று, சொந்த வேலைக்கு ஒன்று என்று விஎஸ் கோடில் இரண்டு புரொஃபைல் வைத்திருந்தால் ஸ்னிப்பெட்டுகளும் தனித்தனி.

அறிகுறி: விரிகிறது, ஆனால் டாலர் குறியையோ பின்சாய்கோட்டையோ காணோம்

இதற்கு ஒரே காரணம்தான், தேடித் திரிய வேண்டாம். விஎஸ் கோடு ஸ்னிப்பெட்டில் $1, $2 என்பவை கர்சர் நிற்கும் இடங்கள், $0 கடைசி இடம். டாலருக்குப் பின்னால் ஏதாவது பெயர் வந்தால் அதை மாறி என்று நினைத்துக்கொள்ளும். தெரியாத மாறி என்றால் டாலரை விழுங்கிவிட்டுப் பெயரை மட்டும் நிரப்பிடமாக வைத்துவிடும். பிஎச்பி, ஷெல் எழுதுகிறவர்களுக்கு இதனால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. டாலருக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு போடுங்கள்: \\$ என்று. ஒன்று போதாது, ஏனென்றால் ஸ்னிப்பெட் ஃபைலின் வடிவமான ஜேசன் ஒன்றைத் தின்றுவிடும். அதே கணக்கில் ஒரே ஒரு பின்சாய்கோடு வெளியே வர வேண்டுமென்றால் உள்ளே நான்கு எழுத வேண்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

அறிகுறி: ஆட்டோஹாட்கீ எழுத்தை விழுங்குகிறது, சம்பந்தமில்லாத ஜன்னல் திறக்கிறது

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் நம் ஊர் முகவரி வைத்து இது கச்சிதமாக மாட்டும். டெஸ்ட் டேட்டாவுக்காக வீவக (அரசு அடுக்குமாடி வீடு) முகவரி அடிக்கும் ஹாட்ஸ்டிரிங் (சுருக்கத்தை அடித்தால் முழு உரையாக மாறுவது) ஒன்று வைத்திருக்கிறீர்கள், வீட்டு எண் #07-123 என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோஹாட்கீயின் சென்ட் கட்டளைக்கு # என்பது எழுத்தல்ல, விண்டோஸ் கீ. ஆகவே #0 என்பதை அது விண்டோஸ் கீயும் பூஜ்யமும் சேர்ந்து அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். டாஸ்க்பாரில் பத்தாவது இடத்தில் எது இருக்கிறதோ அது எழுந்து நிற்கும், எடிட்டரில் 7-123 மட்டும் விழும், அல்லது அதுவும் புதிதாகத் திறந்த ஜன்னலில் போய் விழும்.

பைத்தான் கமென்ட் இதைவிட மோசம். # போட்டு ஓர் இடைவெளி விட்டால் விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் ஆகிவிடும், அது விண்டோஸில் உள்ளீட்டு மொழியை மாற்றும் கீ. மேக்ரோ ஓடியதிலிருந்து கீபோர்டு சீனத்துக்குப் போய்விட்டது, வைரஸா என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் நான் பார்ப்பது இதைத்தான். + என்றால் ஷிஃப்ட், ^ என்றால் கன்ட்ரோல், ! என்றால் ஆல்ட். சி பிளஸ் பிளஸ் எழுதுகிறவர்களின் இரண்டு பிளஸ்ஸும் காணாமல் போவது இதனால்தான். தீர்வு சுலபம்: உரையை டெக்ஸ்ட் மோடில் அனுப்பச் சொல்லுங்கள். சென்ட் கட்டளையில் அதற்கென்று ஒரு சொல் இருக்கிறது, ஹாட்ஸ்டிரிங்கில் அதற்கென்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. அப்போது எல்லாக் குறியும் வெறும் குறியாகவே போகும்.

ஸ்கிரிப்ட் திறக்கும்போதே பிழை என்று கத்தினால் பதிப்பைப் பாருங்கள். 2022 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பின் இலக்கணம் வேறு, இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் ஏராளமானவை இன்னும் பழைய 1.1-க்கு எழுதியவை. இரண்டையும் கலந்து ஒட்டினால் ஓடாது.

மற்ற மென்பொருள்களில் எல்லாம் ஓடுகிறது, எடிட்டரில் மட்டும் ஓடவில்லை என்றால், எடிட்டரை அட்மினாகத் திறந்திருக்கிறீர்களா? சாதாரண உரிமையில் ஓடும் ஸ்கிரிப்ட், அட்மினாக ஓடும் ஜன்னலுக்குக் கீ அனுப்ப விண்டோஸ் விடாது. எடிட்டரைச் சாதாரணமாகத் திறங்கள். ஸ்கிரிப்டை அட்மினாக்குவது தலைவலியை வலிய வரவழைப்பது.

அறிகுறி: அடைப்புக்குறி இரட்டிப்பாகிறது, வரிகள் படிக்கட்டு மாதிரி சரிகின்றன

மேக்ரோ ஒவ்வோர் எழுத்தாக அடிக்கிறது, எடிட்டரும் உதவி செய்கிறேன் பேர்வழி என்று கூடவே அடிக்கிறது. திறக்கும் அடைப்புக்குறி வந்ததும் மூடும் குறியைத் தானே போடும். அப்புறம் மேக்ரோவும் ஒன்று போடும். என்டர் வந்ததும் எடிட்டர் இன்டென்ட் (வரியின் தொடக்க இடைவெளி) வைக்கும், மேக்ரோவிலிருக்கும் ஸ்பேஸ் அதன் மேல் ஏறும், அடுத்த வரி இன்னும் உள்ளே போகும். பரிந்துரைப் பட்டியல் திறந்திருக்கும் நேரத்தில் என்டர் போனால் இன்னும் விசேஷம், நீங்கள் கேட்காத ஒரு ஃபங்ஷன் பெயர் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஆட்டோ குளோஸிங், ஆட்டோ இன்டென்ட் இரண்டையும் அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் காரணம் உறுதியாகிவிடும். ஆனால் நிரந்தரமாக அணைப்பது தீர்வல்ல, கையால் அடிக்கும்போது அவை வேண்டும். நீளமான உரையை எழுத்தெழுத்தாக அடிக்காமல் கிளிப்போர்டில் வைத்து ஒரேயடியாக ஒட்டுங்கள், அல்லது எடிட்டரின் சொந்த ஸ்னிப்பெட்டாக மாற்றுங்கள். டெர்மினலில் ஓடும் விம்மில் வெளியிலிருந்து ஒட்டும்போது படிக்கட்டு வந்தால் பேஸ்ட் மோடைப் போட்டுவிட்டு ஒட்டி, மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: ஓட ஆரம்பித்து நடுவில் நின்றுவிடுகிறது

விம் மேக்ரோவில் ஏதாவது ஒரு நகர்வு தோற்றால் முழு மேக்ரோவும் அங்கேயே நிற்கும். காற்புள்ளியைத் தேடு என்று பதிவு செய்திருப்பீர்கள், 40-வது வரியில் காற்புள்ளி இருக்காது. நின்ற வரியைப் பாருங்கள், முந்தைய வரியோடு ஒப்பிடுங்கள், பெரும்பாலும் கண்ணிலேயே பட்டுவிடும். ஒரு வரி தோற்றாலும் மற்றவை ஓட வேண்டுமென்றால் எண் போட்டு மேக்ரோவை ஓட்டாமல், வரி வரம்பு கொடுத்து "நார்மல்" கட்டளை மூலம் ஓட்டுங்கள். அது ஒவ்வொரு வரியையும் தனியாக எடுத்துக்கொள்ளும், தோற்ற வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

நேற்று பதிவு செய்த மேக்ரோ இன்று வேறு எதையோ எழுதுகிறதா? விம்மில் மேக்ரோவும், காப்பி செய்யும் உரையும் எழுத்துப் பெயர் கொண்ட ஒரே சேமிப்பிடத்தில், அதாவது ரெஜிஸ்டரில்தான் உட்காரும். அந்த எழுத்துப் பெயருக்கு ஏதாவது காப்பி செய்திருந்தால் மேக்ரோ போயே போச்சு. ரெஜிஸ்டர் பட்டியலைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறதென்று பாருங்கள். மேக்ரோவை ஃபைலில் ஒட்டித் திருத்திவிட்டுத் திரும்ப எடுக்கிறவர்கள் வரி முழுவதையும் காப்பி செய்யாமல் வரி முடிவு வரை மட்டும் எடுங்கள். முழு வரியாக எடுத்தால் கடைசியில் ஒரு புதுவரிக் குறி ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கர்சர் ஒரு வரி கீழே குதிக்கும்.

நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் மவுஸ் கிளிக் பதிவாகாது. பதிவின்போது மவுஸால் கர்சரை நகர்த்தியிருந்தால், ஓட்டும்போது அந்த அடி விட்டுப்போகும். கீபோர்டை மட்டும் வைத்துத் திரும்பப் பதிவு செய்யுங்கள், முடிந்ததும் பெயர் வைத்துச் சேமியுங்கள், சேமிக்காத பதிவு மென்பொருளை மூடியதும் போய்விடும். ஈமாக்ஸ் என்ற இன்னோர் எடிட்டரின் ஆட்கள் பதிவின் நடுவே கன்ட்ரோல் ஜி அழுத்தினால் பதிவே ரத்தாகும், அவ்வளவுதான் அங்கே நான் பார்த்த சிக்கல்.

அறிகுறி: முழுசாக ஓடுகிறது, ஆனால் தப்பான இடத்தில் எழுதுகிறது

வலது அம்புக்குறியை எட்டு முறை அழுத்து என்று பதிவு செய்தால், அது எட்டு முறைதான் அழுத்தும். அடுத்த வரியில் பெயர் நீளமாக இருந்தால் பெயரின் நடுவில் போய் எழுதும். எண்ணிக்கையால் நகராதீர்கள். ஹோம், எண்டு, சொல் சொல்லாகத் தாவும் கீ, ஒரு குறியைத் தேடும் கட்டளை, இவற்றால் மட்டும் நகருங்கள். மேக்ரோவின் முதல் அடி எப்போதும் வரியின் தொடக்கத்துக்குப் போவதாக இருக்கட்டும், கடைசி அடி அடுத்த வரியின் தொடக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதாக இருக்கட்டும்.

எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும் விம் மேக்ரோவில் இரண்டு பொறி இருக்கிறது. 007-ஐக் கூட்டினால் 008 வராமல் 010 வருகிறதா? பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமான எண்ணாக (எட்டை அடியாக வைத்து எண்ணும் முறை, அதில் 7-க்கு அடுத்தது 10) எடுத்துக்கொள்கிறது. சொந்தமாக அமைப்பு ஃபைல் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வரும், ஏனென்றால் அந்த ஃபைல் இருந்தால் விம்மின் இயல்பு அமைப்பு ஏற்றப்படாது, அதில்தான் எட்டடிமானம் நீக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்று அதே வீட்டு எண் சமாச்சாரம்: #07-123-இல் கர்சரை 123 மேல் வைத்துக் கூட்டினால் 122 வரும். நடுவிலிருக்கும் கோட்டைக் கழித்தல் குறி என்று நினைத்து, மைனஸ் 123-ஐ ஒன்று கூட்டி மைனஸ் 122 ஆக்குகிறது. கணக்கு என்னவோ சரிதான் லா, நமக்குத்தான் உதவாது. "என்ஆர்ஃபார்மட்ஸ்" என்ற அமைப்பில் எட்டடிமானத்தை எடுத்துவிட்டு, குறியில்லா எண் என்பதைச் சேர்த்தால் இரண்டும் தீரும்.

இதற்கெல்லாம் மேக்ரோதான் வேண்டுமா என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பல கர்சர் வைத்தோ, ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையின் வடிவத்தைச் சொல்லித் தேடும் குறியீடு) போட்டுத் தேடி மாற்றியோ முடிகிற வேலைக்கு மேக்ரோ எழுதி மாரடிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

அறிகுறி: தமிழ் உரையில் மட்டும் சொதப்புகிறது

ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் என்று நான்கு மொழி உரை ஃபைல்களைப் பராமரிக்கும் புராஜெக்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். மூன்று மொழியில் சரியாக மாற்றிய மேக்ரோ, தமிழில் பாதியை விட்டுவிடும்.

ஸ்னிப்பெட் பெயரே விரியவில்லை என்றால் முதலில் சொன்ன அதே மொழிக் கதைதான். ஆங்கில எழுத்தின் ஒலிப்படி தமிழ் விழும் அஞ்சல் விசைப்பலகை ஆனில் இருக்கும்போது எல், ஓ, ஜி என்று அடித்தால் லொக் என்று விழும், அந்தப் பெயரில் உங்களிடம் ஸ்னிப்பெட் இருக்காது. தமிழ் ஃபைல்களுக்கென்று தமிழிலேயே ஒரு பெயர் வைத்துவிடுவது என் வழக்கம்.

தேடி மாற்றும் மேக்ரோ சில சொற்களை மட்டும் விட்டுவிடுகிறது என்றால் யுனிகோடைச் சந்தேகியுங்கள். கொ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க, அதன் பின் ஒற்றை ஒகரக் குறி. அல்லது க, அதன் பின் கொம்பு, அதன் பின் கால். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பைட் அளவில் தேடும் மேக்ரோவுக்கு வேறு வேறு. பைத்தானில் அந்த எழுத்தை மேற்கோளுக்குள் ஒட்டி நீளம் கேளுங்கள். 2 என்று வந்தால் முதல் வகை, 3 என்றால் இரண்டாம் வகை. பைத்தானின் யுனிகோட்டேட்டா மாட்யூலில் என்எஃப்சி இயல்பாக்கத்தை (ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்குவது) ஃபைல் முழுக்க ஓட்டினால் எல்லாம் முதல் வகைக்கு வந்துவிடும்.

என்எஃப்சி போட்டும் தீராத ஒன்று உண்டு. கௌரி என்பதைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைப் போட்டு கெளரி என்று அடித்திருப்பார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றேதான், ஆனால் அங்கே இருப்பது உண்மையான ள என்ற எழுத்து. எந்த இயல்பாக்கமும் அதைத் தொடாது, தொடவும் கூடாது. இதைத் தனியாகத் தேடித்தான் மாற்ற வேண்டும், அதுவும் ஒரேயடியாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஏனென்றால் தெளிவு, வெளி என்று கண்டதையும் சேர்த்துத் தேடினால் நல்ல சொற்களும் மாட்டிக்கொள்ளும். இங்கே தயங்காமல் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பொது மக்கள் பார்க்கும் திரையில் தமிழ் பிழையாக வந்தால் அப்புறம் பதில் சொல்லி மாளாது.

பேக்ஸ்பேஸை எண்ணி அழுத்தும் மேக்ரோவைத் தமிழில் பயன்படுத்தவே வேண்டாம். ஒரு மென்பொருள் குறியை மட்டும் அழிக்கும், இன்னொன்று எழுத்தையே அழிக்கும்.

அறிகுறி: வீட்டில் ஓடுகிறது, ஆபீசில் ஓடவில்லை

வீட்டில் மேக், ஆபீசில் விண்டோஸ் என்றால் முதலில் விஎஸ் கோடின் செட்டிங்ஸ் சிங்க்கை (அமைப்புகளை இணையம் வழியே கம்ப்யூட்டர்களுக்கிடையே ஒத்திசைக்கும் வசதி) பாருங்கள். ஸ்னிப்பெட்டுகள் இரண்டு பக்கமும் வரும், ஆனால் கீபைண்டிங்குகள் இயல்பில் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனி. காணாமல் போகவில்லை, இன்னொரு பக்கத்தில் எழுதவே இல்லை. அமைப்பில் அதை மாற்றலாம், இருந்தாலும் மேக்கின் கமாண்ட் கீயை விண்டோஸில் வைத்து என்ன செய்ய, தனியாக எழுதுவதே மேல்.

அடுத்தது ரிமோட் டெஸ்க்டாப். வங்கி, காப்பீடு மாதிரி இடங்களில் எடிட்டர் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்காது, தொலைவிலிருக்கும் மெய்நிகர் கம்ப்யூட்டரில் இருக்கும். உங்கள் பக்கம் ஓடும் ஆட்டோஹாட்கீ வேகமாகக் கீயைத் தள்ளும்போது நடுவில் சில எழுத்து விழுந்துவிடும், குறிப்பாக ஷிஃப்ட்டோடு சேர்ந்தவை. ஒவ்வொரு கீக்கும் நடுவே சிறு தாமதம் கொடுத்துப் பாருங்கள். அதிலும் விழுந்தால் மேக்ரோவை அந்தப் பக்க எடிட்டரிலேயே ஸ்னிப்பெட்டாக வைத்துவிடுங்கள், நடுவில் வலையமைப்பே இல்லாமல் போகும்.

எழுத்துகள் விழுவது ரிமோட் இல்லாமலும் நடந்தால் விண்டோஸின் அணுகல்தன்மை அமைப்பைப் பாருங்கள். வலது ஷிஃப்ட்டை எட்டு விநாடி பிடித்திருந்தால் ஃபில்டர் கீஸ் வரும், ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வரும். வந்த பெட்டியில் படிக்காமலே சரி சொல்லியிருப்பார்கள்.

அறிகுறி: மேக்ரோ ஒழுங்கு, அது எழுதும் விஷயம்தான் பழசு

சிங்கப்பூரின் ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) விகிதம் 2023 ஜனவரியில் 7-லிருந்து 8 விழுக்காடானது, 2024 ஜனவரியில் 9 ஆனது. இன்வாய்ஸ் டெம்ப்ளேட் அடிக்கும் ஸ்னிப்பெட்டில் 0.07 என்று எழுதி வைத்திருந்தால் அது இன்றைக்கும் சளைக்காமல் 0.07-ஐத்தான் அடிக்கும். உங்கள் ஸ்னிப்பெட் ஃபோல்டர் முழுக்க இப்படி நேரடியாக எழுதிய விகிதம், ஆண்டு, பதிப்பு எண் எல்லாவற்றையும் தேடுங்கள். ஆண்டுக்கும் தேதிக்கும் விஎஸ் கோடிலேயே மாறிகள் இருக்கின்றன, விகிதத்துக்கு நிரப்பிடம் வைத்துவிடுங்கள், கர்சர் அங்கே நின்று உங்களைக் கேட்கட்டும்.

தேடும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள்: உண்மையான ஆள் ஒருவரின் அடையாள அட்டை எண்ணோ கடவுச்சொல்லோ உள்ளே இருக்கிறதா? சிங்க் ஆன் செய்திருந்தால் அது ஏற்கெனவே உங்கள் கம்ப்யூட்டரை விட்டுப் போயிருக்கும். கடவுச்சொல் என்றால் உடனே மாற்றுங்கள். வாடிக்கையாளர் தகவல் என்றால் நீங்களாக அழித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம், உங்கள் நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நிறுவனங்கள் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும்.

அறிகுறி: நேற்றுவரை இருந்த ஸ்கிரிப்டையே காணோம், அல்லது திறந்ததும் மூடிக்கொள்கிறது

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இது நடந்தால் பாதுகாப்பு மென்பொருள் எடுத்துத் தனியே வைத்திருக்க வாய்ப்பு அதிகம். கீ அனுப்பும், கீ கவனிக்கும் எந்த ஸ்கிரிப்டும் அதன் கண்ணுக்குக் கீலாகர் (அடிப்பதையெல்லாம் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் மென்பொருள்) மாதிரித்தான் தெரியும். பெயரை மாற்றி வைப்பது, யுஎஸ்பியிலிருந்து ஓட்டுவது என்று எந்தக் குறுக்கு வழியும் வேண்டாம். நேராக ஐடி ஹெல்ப்டெஸ்க்குக்கு டிக்கெட் போடுங்கள். அதில் ஸ்கிரிப்டின் பெயர், அது எந்த மென்பொருளில் என்ன அடிக்கிறது, கடைசியாக எப்போது ஓடியது, என்ன செய்தி வந்தது, இத்தனையும் எழுதி, ஸ்கிரிப்டின் உள்ளடக்கத்தையும் உரையாக ஒட்டிவிடுங்கள். "மேக்ரோ வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரியில் போட்டால் முதல் பதிலாக ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். அனுமதி கிடைக்கும்வரை அதே வேலையை எடிட்டர் ஸ்னிப்பெட்டில் செய்துகொள்ளலாம், அதற்குத் தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை.